பிகாசாவுக்கு அடுத்து எது?

கேள்வி: நிகான் டி7500 வைத்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் கூந்தன்குளம் போய்ப் பறவைகளை எடுப்பேன். உறவினர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 40,000 படங்களுக்கு மேல் சேர்ந்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கின்றன. படங்களை அடுக்க இன்னமும் கூகுளின் பழைய மென்பொருளான பிகாசாதான் பயன்படுத்துகிறேன். ஜேபெக்கை விட்டு இப்போது ராவில், அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் கோப்பாக, எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். படம் திருத்த அடோபியின் லைட்ரூமுக்குச் சந்தா கட்டு என்கிறார் ஒரு நண்பர். டார்க்டேபிள் இலவசம், அதுவே போதும் என்கிறார் இன்னொருவர். லேப்டாப்பில் 8 ஜிபி ராம். எதை எடுக்கலாம்?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: நண்பர்கள் இருவரும் எடிட்டிங்கைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் பெரிதாகத் தெரிவது அந்த 40,000 படங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் நிறத்தைச் சரிசெய்யவும் இன்றைக்கு எந்த மென்பொருளும் போதும். இந்த வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் வேறொன்று என்று மாறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஸ்டார், டேக், ஆல்பம் என்று வருஷக்கணக்கில் அடுக்கி வைத்ததை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைப்பதுதான் உயிரை எடுக்கும் வேலை. மென்பொருளை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நடந்த கதைகளைப் பாருங்கள். பிகாசாவை கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்திவிட்டது. தொழில்முறைக் கலைஞர்கள் நம்பியிருந்த அப்பர்ச்சர் மென்பொருளை நிறுத்தப்போவதாக ஆப்பிள் 2014-ல் அறிவித்தது. லைட்ரூமே 2015-ல் வந்த 6-ஆம் பதிப்போடு, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் வழியை மூடிக்கொண்டது. ஆகவே எந்த மென்பொருளையும் நிறுவும் முன் ஒன்று கேளுங்கள்: நான் போடும் ஸ்டாரும் டேக்கும் எங்கே எழுதப்படுகின்றன? அந்த மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டும் என்றால், அது போகும் நாளில் அவையும் போய்விடும்.

ஸ்டாரையும் டேக்கையும் வெவ்வேறு மென்பொருள்கள் படிக்கும்படி எழுதி வைக்கப் பொதுவான ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்எம்பி என்று பெயர். அடோபி 2001-ல் கொண்டுவந்தது, பிறகு ஐஎஸ்ஓ அமைப்பின் சர்வதேசத் தரமாகவும் ஆனது. ஜேபெக் என்றால் பொதுவாகப் படத்துக்குள்ளேயே எழுதப்படும். ராவாக இருந்தால் பக்கத்திலேயே அதே பெயரில் சின்னதாக ஒரு துணைக் கோப்பு உருவாகும். நோட்பேடில் திறந்தால் நீங்கள் போட்ட டேக்கை எழுத்தாகவே படிக்கலாம். தமிழும் தாங்கும், ‘கூழைக்கடா’ என்று போட்டால் ‘கூழைக்கடா’ என்றே இருக்கும். லைட்ரூம் கிளாசிக் (லைட்ரூமின் கணினிப் பதிப்பு), டிஜிகேம் (படங்களை அடுக்க உதவும் இலவச மென்பொருள்), டார்க்டேபிள் மூன்றுமே எக்ஸ்எம்பி அறிந்தவை. ஆனால் சில நுணுக்கங்கள் உண்டு. லைட்ரூம் கிளாசிக்கில் தானாக எக்ஸ்எம்பியில் எழுதும் வசதி, நிறுவும்போது அணைந்தே இருக்கும். கேட்டலாக் செட்டிங்ஸுக்குப் போய் நீங்கள்தான் டிக் செய்ய வேண்டும். டிஜிகேமிலும் மெட்டாடேட்டா பகுதியில் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், துணைக் கோப்புக்குப் பெயர் வைப்பதில் இவற்றுக்குள் ஒற்றுமை கிடையாது. அடோபி ‘படம்.எக்ஸ்எம்பி’ என்று வைக்கும், டார்க்டேபிள் ‘படம்.என்இஎஃப்.எக்ஸ்எம்பி’ என்று வைக்கும் (என்இஎஃப் என்பது நிகான் ராவின் பின்னொட்டு). டிஜிகேமும் வழக்கமாக இரண்டாவது முறைதான். வேண்டுமானால் அடோபி முறைக்கு மாற்றிக்கொள்ளும் தேர்வு அதன் செட்டிங்ஸில் இருக்கிறது. “டேக் போட்டேன், அங்கே போனால் காணோம்” என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இனி பிகாசாவைக் காலி செய்வது. இதில் அவசரப்படாதீர்கள். முதலில் இரண்டு டிஸ்க்கையும் அப்படியே மூன்றாவது ஒன்றில் நகலெடுங்கள். பிகாசா ஜேபெக் படங்களுக்குப் போட்ட டேக்கும் தலைப்பும் படத்துக்குள்ளேயே இருக்கும். அவை தாமாகவே உங்களோடு வரும். ஸ்டாரும், ‘சேவ்’ கொடுக்காமல் விட்ட திருத்தங்களும் வராது. அவை ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ‘பிகாசா.ஐஎன்ஐ’ என்ற கோப்பில் இருக்கின்றன, மற்ற மென்பொருள்கள் அதைப் பொதுவாகச் சட்டை செய்வதில்லை. எனவே, பிகாசாவில் ஸ்டார் போட்ட ஜேபெக் படங்களை மட்டும் வரவழைத்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ‘பொறுக்கியது’ என்று ஒரு டேக் போட்டுவிடுங்கள். புதிய மென்பொருளில் அந்த டேக்கைத் தேடி, வந்த படங்களுக்கு மறுபடி ஸ்டார் கொடுத்தால் வேலை முடிந்தது. திருத்திய படங்களுக்கு ‘சேவ்’ கொடுங்கள். மூலப் படம் அழிந்துவிடாது. ‘பிகாசாஒரிஜினல்ஸ்’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள் போய்விடும். டிஸ்க்கைச் சுத்தம் செய்கிறேன் என்று பின்னால் அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

ராவைப் பொறுத்தவரை பிகாசாவை மறந்துவிடலாம். உங்கள் கேமரா சந்தைக்கு வந்ததே 2017-ல், பிகாசாவின் கதை முடிந்து ஒரு வருஷம் கழித்து.

அடுத்தது பொறுக்கும் வேலை. பறவைப் படக்காரருக்கு நேரம் அதிகம் போவது இங்கேதான், மென்பொருள் விளம்பரங்களில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். டி7500 நொடிக்கு 8 படம் எடுக்கும். ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்கி முடிவதற்குள் ஐந்து நொடி பட்டனை அழுத்திப் பிடித்தால் 40 படம். ராவில் ஒன்றுக்கு 25 எம்பி என்று வைத்தாலும் 1 ஜிபி ஆகிவிடும். அதில் மிஞ்சப்போவது ஒன்றோ இரண்டோ. இந்த நாற்பதையும் பெரிதாக்கி, கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மென்பொருள் இரண்டு நொடி யோசித்தால் காலை முழுக்க எடுத்ததைப் பொறுக்க ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

வேகத்துக்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு நிகான் ராவுக்குள்ளும் கேமராவே தயாரித்த ஜேபெக் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை உருவிக் காட்டும் மென்பொருள் பறக்கும். ராவைத் தானே புதிதாகச் சமைத்துக் காட்டும் மென்பொருள் தவழும். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் போட்டோ மெக்கானிக் என்ற மென்பொருளை விடாமல் பிடித்திருப்பது இதற்காகத்தான். அதன் விலை உங்களுக்கு வேண்டாம். ஃபாஸ்ட்ராவியூவர் அதைவிட மலிவு, ஸ்டாரை எக்ஸ்எம்பியிலேயே எழுதும். லைட்ரூம் கிளாசிக்கிலும், படங்களை உள்ளே எடுக்கும்போது உள்ளிருக்கும் ஜேபெக்கையே முன்னோட்டமாகக் காட்டு என்று சொல்லலாம். 2017-க்குப் பிந்தைய பதிப்புகளில் இந்த வசதி இருக்கிறது. பலர் கவனிப்பதே இல்லை.

கார்டிலிருந்து டிஸ்க்குக்கு இறக்கும்போதே கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். நிகான் 9,999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-லிருந்து தொடங்கும். 40,000 படம் எடுத்தவரிடம் ‘டிஎஸ்சி_0421’ மூன்று நான்கு இருக்கும். இரண்டு டிஸ்க்கை ஒன்றாக்கும் நாளில் ஒன்றின் மேல் இன்னொன்று ஏறி உட்காரும். தேதியும் நேரமும் பெயரில் வரும்படி வைத்தால் அந்தப் பயம் இல்லை. ஃபோல்டருக்கு வருஷம், அதற்குள் தேதியும் இடமும் போதும். பறவை வாரியாக ஃபோல்டர் பிரிக்க வேண்டாம். ஒரே படத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் இருந்தால் எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்? அதற்குத்தான் டேக். ஒரு பறவைக்கு ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘மஞ்சள்மூக்கு’ என்று சேர்த்தும் ‘மஞ்சள் மூக்கு’ என்று பிரித்தும் போட்டால் மென்பொருளுக்கு அவை இரண்டு பறவைகள்.

சரி, எதை எடுப்பது? லைட்ரூம் கிளாசிக்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சுமுகமாகச் செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் 8 ஜிபி, அடோபி சொல்லும் குறைந்தபட்ச அளவு. 16 இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் அதன் ஏஐ வசதிக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சாதாரண லேப்டாப்பில் ஒரு படத்துக்கே டீ குடித்துவிட்டு வரலாம். சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். படங்களைப் பார்க்கலாம், தேடலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். திருத்தும் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். பலர் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ‘லைட்ரூம்’ என்று மட்டும் பெயர் போட்ட இன்னொன்று கிளவுட்டை நம்பி இயங்குவது. உங்கள் படக் குவியலை அதில் ஏற்ற முயல வேண்டாம்.

உங்கள் நிலையில் நான் டிஜிகேமும் டார்க்டேபிளும் வைத்துக்கொள்வேன். அடுக்குவது டிஜிகேமில், ராவைத் திருத்துவது டார்க்டேபிளில். இரண்டும் இலவசம், விண்டோஸில் ஓடும். டார்க்டேபிள் முதல் வாரம் உங்களைத் திணறடிக்கும். அதில் அவ்வளவு மாட்யூல்கள், அதாவது திருத்தும் கருவிகள். எக்ஸ்போஷர், சிக்மாய்டு, கலர் கேலிபரேஷன், ப்ரொஃபைல்டு டீனாய்ஸ் என்ற நான்கை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஆறு மாதத்துக்குத் திரும்பிப் பார்க்காதீர்கள். விடியற்காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200 என்ற உயர்ந்த ஒளி உணர்திறனில் எடுத்த படங்களுக்கு அந்தக் கடைசி மாட்யூல் ரொம்ப உதவும்; ஒவ்வொரு கேமராவின் இரைச்சலையும் அளந்து வைத்த அட்டவணையை வைத்து வேலை செய்கிறது.

அதுவும் சிரமம் என்றால் நிகானே இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது. கேமரா திரையில் பார்த்த நிறம் அப்படியே கிடைக்கும். கல்யாணப் படங்களுக்கு எனக்கு இது பிடிக்கும், தோல் நிறத்தோடு அதிகம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உங்கள் திருத்தங்களை படம் இருக்கும் ஃபோல்டருக்குள் ‘என்கேஎஸ்சி_பாரம்’ என்ற துணை ஃபோல்டரில் வைக்கும். படத்தை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்தி இதை விட்டுவிட்டால் திருத்தம் போச்சு. கல்யாண வேலைக்குக் காசு வாங்கத் தொடங்கி, ஆயிரம் படத்தை வாரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் லைட்ரூம் சந்தாவைக் கட்டுங்கள். மிச்சமாகும் நேரத்திலேயே அது ஈடாகிவிடும். இப்போது கையில் காசு இருந்தால் ராமுக்கும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கும் செலவழியுங்கள்.

முடிவெடுக்கும் முன் முந்நூறு படம் உள்ள ஒரு ஃபோல்டரின் நகலை எடுத்து, ஸ்டார், டேக், திருத்தம் எல்லாம் ஒரு மென்பொருளில் செய்யுங்கள். அதை மூடிவிட்டு, அதே ஃபோல்டரை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஸ்டாரும் டேக்கும் வந்திருக்க வேண்டும். திருத்தம் வராது, வந்தாலும் அரைகுறையாகத்தான் வரும். லைட்ரூமின் கணக்கு வேறு, டார்க்டேபிளின் கணக்கு வேறு. அதனால் சுவரில் மாட்டத் தகுந்த படங்களை மட்டும் முழு அளவில் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து தனியே வையுங்கள். அது எந்த மென்பொருளிலும் திறக்கும்.

லைட்ரூம் எடுப்பதாக இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். மூடும்போது ‘பேக்கப் எடுக்கட்டுமா’ என்று கேட்கும்; அது எடுப்பது கேட்டலாக் என்ற அதன் தரவுத்தளத்தை மட்டும், படங்களை அல்ல. படங்களுக்கு பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு போதும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. 40,000 படத்தையும் கிளவுட்டில் ஏற்ற உங்கள் இணையம் தாங்காது என்றால், மூன்றாவது டிஸ்க்கைத் தங்கை வீட்டு அலமாரியில் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய படங்களை அதில் ஏற்றிவிடலாம்.