ராடியா பெர்ல்மன் செய்தது என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராடியா பெர்ல்மனை ‘இணையத்தின் தாய்’ என்கிறார்கள். ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கியவர் என்பதற்கு மேல் யாரும் விளக்குவதில்லை. அது அவ்வளவு பெரிய காரியமா? இன்றும் பயன்படுகிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பட்டத்தை அவரே விரும்புவதில்லை. ஆனால் காரியம் பெரியதுதான்.

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட்டில், தகவல் செல்லும் பொட்டலமான ஃபிரேமில், இதுவரை எத்தனை சாதனங்களைக் கடந்தோம் என்ற கணக்கு கிடையாது. ஒரு கேபிள் அறுந்தால் உதவட்டும் என்று இன்னொன்றை இழுத்தால் வட்டம் உண்டாகும். அதில் நுழைந்த பிராட்காஸ்ட் (எல்லாக் கணினிகளுக்கும் போகும் செய்தி) ஓயாமல் சுற்றி, சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கையும் முடக்கிவிடும். 1980களின் நடுவில் டெக் (DEC) கணினி நிறுவனத்தில் பணியாற்றியபோது பெர்ல்மன் தீர்த்தது இந்தச் சிக்கலை. அந்தத் தீர்வுதான் ஸ்பானிங் ட்ரீ.

ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் (நெட்வொர்க்கின் பகுதிகளை இணைக்கும் சாதனம்; இன்றைய சுவிட்சும் இதுவே) 8 பைட் அடையாள எண் உண்டு: 2 பைட் முன்னுரிமை, 6 பைட் மேக் முகவரி (சாதனத்தில் தயாரிப்பிலேயே பதித்த எண்). எல்லாவற்றிலும் சிறிய எண் கொண்டது வேர். மற்றவை வேருக்குச் செலவு குறைந்த பாதையை வைத்துக்கொண்டு, வட்டம் உண்டாக்கும் போர்ட்டுகளை (கேபிள் மாட்டும் இடங்களை) அடைத்துவிடும். வேரிலிருந்து 2 நொடிக்கொருமுறை ஹலோ என்ற சிறு செய்தி வரும். 20 நொடி வராவிட்டால் அடைத்த போர்ட், மற்றவற்றின் செய்திகளைக் கேட்க 15, முகவரிகளைக் கற்க 15 நொடி எடுத்துத் திறக்கும். எந்தப் பிரிட்ஜுக்கும் முழு வரைபடம் தெரிய வேண்டாம். எத்தனை பிரிட்ஜுகள் சேர்ந்தாலும் ஒவ்வொன்றும் நினைவில் வைக்க வேண்டியது கூடுவதில்லை. இந்த அழகுக்காகவே நான் அவரை வியக்கிறேன்.

யாரும் எதையும் அமைக்காமலே ஓடுவதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்னுரிமை எல்லாவற்றிலும் 32768 என்றே இருந்தால் மேக் முகவரிதான் தீர்மானிக்கும். மூலையில் கிடக்கும் பழைய சுவிட்ச்கூட வேராகிவிடலாம்; போக்குவரத்து அதன் வழியே சுற்றிப் போகும். மைய சுவிட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்பதற்கு 8192 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். கணினி மாட்டிய போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் அமைப்பு) போடுங்கள். இல்லையென்றால் அந்த 30 நொடிக் காத்திருப்பில் ஐபி முகவரி கிடைக்காமல் போகலாம். இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டில் மட்டும் அதைப் போடவே கூடாது.

இன்னொரு ஆபத்து, போகவும் வரவும் தனித்தனி இழை கொண்ட ஃபைபர் கேபிளில். ஒரு இழை மட்டும் செத்தால் அடைத்த போர்ட்டுக்கு ஹலோ வராது. அது திறந்துகொள்ளும், வட்டம் திரும்பிவிடும். ஒருவழி இணைப்பைக் கண்டுபிடிக்கும் வசதி சுவிட்சில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

ஸ்பானிங் ட்ரீ இன்றும் பயன்படுகிறது. 2001-ல் வந்த ரேப்பிட் வடிவம், 50 நொடி வரை ஆன மீட்சியைச் சில நொடிகளுக்குள் கொண்டுவந்தது. பெர்ல்மன் அதோடு நிற்கவில்லை. பெரிய நெட்வொர்க்குகளில் தகவலுக்குப் பாதை கண்டுபிடிக்கும் ஐஎஸ்-ஐஎஸ் ரூட்டிங்கில் அவர் பங்கு முக்கியமானது. பின்னாளில், அடைபட்டுச் சும்மா கிடக்கும் கேபிள்களையும் வேலைவாங்க ட்ரில் முறையை முன்வைத்தார். அதில் செல்லும் ஃபிரேமின் முன்பகுதியில், கடந்த சாதனங்களுக்கான கணக்கையும் சேர்த்தார்.