ரூஃப் ரேக் (கூரைப் பனிய இழுத்துத் தள்ளுற நீளக் கம்பு) வச்சு பனிய இழுத்தா ஷிங்கிள் (கூரை மேல பதிச்சிருக்கிற தகடு) பேந்துடுமா?
மொத்தப் பனியையும் சுரண்டி எடுத்தாதான் பேரும், அடில ஒரு 2 இன்ச் விட்டுடுங்க. கைல கரகரன்னு உரசல் தெரிஞ்சா உடனே நிறுத்திடுங்க.

ஏணி வேண்டவே வேண்டாம், தரைல நின்னே கூரை விளிம்புல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போங்க, இழுக்கிறது மட்டும் எப்பவும் மேலேர்ந்து கீழ நேரா, பக்கவாட்டுல இழுத்தா ஷிங்கிள் தூக்கிக்கும். விளிம்புலேர்ந்து 3, 4 அடி எடுத்தாலே ஐஸ் அணை மாதிரி கட்டிக்கிறது நல்லா குறையும், ஏன்னா வீட்டுச் சூட்டுல மேல உருகுற தண்ணி அந்த விளிம்புல வந்துதான் திரும்ப உறையுது.

கம்ப நீட்டுறதுக்கு முன்னாடி கரண்ட் வயர் எங்க போகுதுன்னு பாருங்க ப்ளீஸ், ரேக் கம்பு பெரும்பாலும் அலுமினியம், வயர் பக்கத்துல போனாலே உயிருக்கு ஆபத்து. பனி விழுற இடத்துக்கு நேர் கீழயும் நிக்காதீங்க, ஈரப்பனி பாளமா சரிஞ்சு வந்தா கழுத்து தாங்காது.