சோனார் கேபிளில் ஒட்டுப்போடலாமா? நீர்மூழ்கி கட்டுபவர்களின் கேள்விகள்

கேள்வி: சொந்தமாகக் கட்டிய, இரண்டு பேர் உட்காரும் நீர்மூழ்கி. சோனார் (ஒலியை அனுப்பி எதிரொலியைப் படமாகக் காட்டும் கருவி) கேபிள் வெளியே ஒரு பிராக்கெட்டில் உரசி மேலுறை கிழிந்துவிட்டது. உள்ளே ஷீல்டு பின்னல் (மின் இரைச்சலைத் தடுக்கும் செம்பு வலை) பச்சை பூத்திருக்கிறது, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். அந்த இடத்தில் வெட்டி, சால்டர் வைத்து, டேப் சுற்றப் போகிறேன். எந்த டேப் வாங்கலாம்?

பதில்: டேப்பை அப்புறம் பார்ப்போம். அந்தக் கேபிளின் மறுமுனை நீங்கள் உட்காரும் அறைக்குள் இருக்கிறது, அதுதான் முதல் கவலை. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பின்னல் கம்பிகளின் இடுக்கு தண்ணீரை இழுக்கும், ஆழத்தில் அழுத்தமும் சேர்ந்து தள்ளும். சுவரைத் தாண்டும் இடத்தில் கிளாண்டை (கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பொருத்தியை) எவ்வளவு முறுக்கியிருந்தாலும் அது மேலுறைக்கு வெளியே வரும் தண்ணீரைத்தான் தடுக்கும், உறைக்குள்ளேயே ஊர்ந்து வருவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடுகிறது, அதாவது 30 மீட்டரில் உள்ளே இருப்பதைவிட வெளியே மூன்று வளிமண்டலம் அதிகம். படம் தெளிவாகத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இது சரியாகும்வரை இறங்காதீர்கள்.

உள்முனையின் கனெக்டரைக் கழற்றி, மேலுறையை விரலளவு உரித்துப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் தண்ணீர் அதுவரை வரவில்லை. கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் கிழிந்த இடத்திலிருந்து உள்முனை வரை முழு நீளமும் போயிற்று, அதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஈரம் டிரான்ஸ்டியூசர் (வெளியே இருந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) பக்கமும் இதேபோல ஓடும். அந்தப் பக்கம் பளிச்சென்ற செம்பு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள், பீங்கான் தகடு இருக்கும் வார்ப்புக்குப் பக்கத்திலேயே போயும் பச்சை விடவில்லை என்றால் டிரான்ஸ்டியூசரையே மாற்ற வேண்டியதுதான்.

வெட்டிய பிறகு நல்ல கேபிள் நீர்மூழ்கியின் கூட்டுக்குள் வந்து சேரும் அளவுக்கு மிச்சமிருந்தால் பிழைத்தீர்கள். அதைச் சுவர் வழியாகப் புதிதாக உள்ளே இழுத்து, ஒட்டை உலர்ந்த பக்கம் வைத்துக்கொள்ளலாம். எட்டவில்லை என்றால் இரண்டே வழிதான் சொல்வேன், ஒன்று ஆழத்துக்கென்றே செய்த கனெக்டர் (சப்கான் போன்ற பிராண்டுகள்), இல்லையென்றால் நீளமான கேபிளோடு புதிய டிரான்ஸ்டியூசர். நல்ல கனெக்டர் ஜோடியும் சுவரில் பொருத்தும் பாகமும் சேர்த்து விலை கேட்டுப் பாருங்கள், சாதாரண மீன்தேடி வகை டிரான்ஸ்டியூசராக இருந்தால் பல நேரம் புதிதே மலிவாக வரும். ஆனால் அந்த வகை படகின் அடியில் ஒட்டிக்கொண்டு போகச் செய்தது. எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் நல்லதுதான், உள்ளே. வெளியே டேப்பை மட்டும் நம்பிய ஒட்டு எனக்கு ஒட்டே இல்லை. சுற்றும்போது சிக்கிய காற்றை ஆழம் நசுக்கும், அந்த இடத்துக்குத் தண்ணீர்தான் வந்து உட்காரும்.

கேள்வி: ஒட்டை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். இரண்டு கம்பியையும் இணைத்தால் போதாதா, ஷீல்டையும் ஏன் இணைக்க வேண்டும்? கூட்டின் உலோகத்தோடு அதைச் சேர்த்துவிடலாமா?

பதில்: சோனார் அனுப்பும் துடிப்பு நூற்றுக்கணக்கான வோல்ட், அடிமண்ணில் பட்டுத் திரும்பும் எதிரொலி பெரும்பாலும் மில்லிவோல்ட்டுக்கும் கீழே. அந்தச் சின்ன சமிக்ஞை உங்கள் மோட்டார் கன்ட்ரோலர் பக்கத்திலேயே பயணிக்கிறது, கன்ட்ரோலரோ நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும் சாதனம். ஷீல்டில் விரல் நீளத்துக்கு இடைவெளி விட்டாலும் இரைச்சல் அந்த வழியாக ஏறும்.

சால்டர் வைப்பதற்கு முன்பே ஹீட் ஷ்ரிங்க் டியூபையும் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்), வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலில் ஒரு துண்டையும் கேபிளில் கோத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் டியூப் மேஜையிலேயே கிடப்பது கண்ணில் படும், இந்த வேலையின் குணம் அது. இரண்டு கம்பிகளின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். தனித்தனியாக மூடிய பிறகு பின்னல் துண்டை இழுத்து இருபக்க ஷீல்டின் மேலும் விட்டு இணையுங்கள். உங்கள் கேபிளில் இருப்பது பின்னல் இல்லாமல் அலுமினியத் தாள் என்றால் அதில் சால்டர் பிடிக்காது. தாளை ஒட்டியே ஓடும் வெறும் கம்பி ஒன்று இருக்கும், அதைப் பிடித்து இணைக்க வேண்டும். மேலே போடும் டியூப் உட்புறம் பசை பூசியதாக இருக்கட்டும். அதற்கும் பசையில்லாததற்கும் பெயர் ஒன்றுதான் என்பதால் கேட்காமல் வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது. சூடாக்கும்போது ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால் சரியான டியூப்.

கூட்டோடு சேர்க்க வேண்டாம். ஷீல்டு பொதுவாக ஒரே முனையில், சோனார் கருவிப் பக்கம், கிரவுண்டோடு இணையும், கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி. இருபுறமும் சேர்த்தால் ஷீல்டு வழியாகவே மின்னோட்டம் சுற்றி இரைச்சலைக் கூட்டும். பேட்டரியின் மின்சாரம் கூட்டின் உலோகத்துக்குக் கசிய அது ஒரு வழியாகிவிட்டால் அரிப்பும் கூடவே வரும்.

கேபிள் துண்டு புதிதாக வாங்குவதாக இருந்தால் பழையதன் வகையையே வாங்குங்கள். முறுக்கிய ஜோடிக் கம்பி இருந்த இடத்தில் கோஆக்சியல் (நடுவே ஒரே கம்பி, சுற்றிலும் ஷீல்டு) போடுவது, இரண்டு மீட்டர் இருந்த இடத்தில் பத்து மீட்டர் போடுவது இரண்டும் வேண்டாம். ஆர்ஜி-58 மாதிரியான கோஆக்சியல் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கிறது, நீளம் கூடக்கூட எதிரொலியின் பங்கு அதில் கரையும். இன்னொன்று, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசி 'காப்பர் கேபிள்' என்று விற்பதும் நடக்கிறது. முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு என்றால் வெள்ளைப் பூச்சுக்குக் கீழே சிவப்புத் தெரியும். சிவப்புக்குக் கீழே வெள்ளை வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: 'ஐபி68' கிளாண்டு வாங்கினேன். தண்ணீர் போகவே போகாது என்று விற்றவர் உறுதி சொன்னார். சுவரில் இதைப் போடலாமா?

பதில்: ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் அளவைச் சொல்லும் தரக் குறியீடு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபி68 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. ஆனால் எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே முடிவுசெய்து குறிப்பிடுவார், அந்தக் குறிப்பு இல்லாத ஐபி68-ஐ வைத்துக்கொண்டு ஆழத்தைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, தோட்டத்துக் குட்டை விளக்கை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்.

கேபிளின் விட்டத்துக்கென்றே அளவெடுத்த, ஆழம் மீட்டரில் எழுதியிருக்கும் பெனட்ரேட்டர் (கேபிளைச் சுவர் வழியாக உள்ளே விடும், ஆழத்துக்கென்றே செய்த பாகம்) வாங்குங்கள், உங்கள் இறங்கும் ஆழத்தைவிட அது கணிசமாகக் கூடுதலாக இருக்கட்டும். பணத்தை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டால் கேபிளில் மிச்சம் பிடித்தாவது இதில் போடச் சொல்வேன். நீங்களே எபாக்சி ஊற்றிச் செய்வதானால், ஊற்றும் இடத்தில் ஒவ்வொரு கம்பியிலும் சிறிது நீளத்துக்கு உறையை நீக்கி, இழைகளுக்கு இடையே சால்டரை நிரப்பிவிடுங்கள், பின்னலிலும் அதே வேலை. கேபிளுக்குள் ஊர்ந்து வரும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். மேலுறையை உப்புத்தாளால் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஊற்ற வேண்டும். மேலுறை பாலியெத்திலீன் என்றால் எபாக்சி அதில் பிடிக்காது, பாலியூரித்தேன் உறை உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். முதல் சோதனை ஆளில்லாமல் அழுத்தத் தொட்டியில், உங்கள் ஆழத்தைத் தாண்டிய அழுத்தத்தில். நீங்கள் உள்ளே ஏறுவது அதற்குப் பிறகு.

கேள்வி: எல்லாம் புதிது, ஒட்டும் சரி. மோட்டாரை ஓட்டினால் மட்டும் இரைச்சல் வருகிறது. கேபிளைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மோட்டார் ஓடும்போதே டிரான்ஸ்டியூசர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். ஆனால் கழற்றும் முன் சோனார் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள், கேட்பதை மட்டும் ஓட விடும் வசதி பல கருவிகளில் இருக்கும். கழற்றிய பிறகும் இரைச்சல் இருந்தால் அது மின்சப்ளை வழியாக வருகிறது, சோனாருக்குத் தனி பேட்டரி கொடுத்துப் பாருங்கள். போய்விட்டால் பெரும்பாலும் கேபிள் போகும் பாதைதான் காரணம், மோட்டார் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். பிரித்துத் தள்ளி ஓட்டுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்டட்டும்.

கேள்வி: குளியலறைக்கு வாங்கிய சிலிகான் சீலன்ட் மிச்சமிருக்கிறது. ஒட்டின் மேல் பூசலாமா?

பதில்: மோந்து பாருங்கள், வினிகர் வாசனை வந்தால் வேண்டாம். காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பைத் தின்றுவிடும்.