ஏழாவது நாற்காலி

கேள்வி: நாற்பது பேர் சந்தா போட்டு, வாடகை கட்டி நடத்தும் ஹேக்கர்ஸ்பேஸ் ஒன்றில், அதாவது தொழில்நுட்ப ஆர்வலர்களின் பொதுப் பட்டறையில், நான் பொருளாளர். மின்பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் மேசை, த்ரீடி பிரிண்டர், லேசர் கட்டர் எல்லாம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை யார் வேண்டுமானாலும் வரலாம். பேசிப் பழகுவதற்காகத் தொடங்கிய அந்த மாலை இப்போது முழுக்க விளையாட்டாகிவிட்டது. விண்வெளிப் பேரரசுகள் மோதிக்கொள்ளும் ‘ட்வைலைட் இம்பீரியம்’ என்ற பலகை ஆட்டத்தைப் பரப்பிக்கொண்டு அதே ஆறு பேர் நள்ளிரவு தாண்டியும் எழுந்திருப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் நாற்காலிக்குப் பின்னால் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்; மறுவாரம் வருவதில்லை. இரண்டு வாரம் வந்த ஒரு பெண்ணிடம், “இதில் விதிகள் அதிகம், உங்களுக்குப் புரியுமா?” என்று ஆறு பேரில் ஒருவர் கேட்டார். அத்தோடு அவரும் நின்றுவிட்டார். சென்ற மாதம் எட்டுப் பேர் கணினிகளைக் கொண்டுவந்து இணைத்து ஆடியபோது கரண்ட் போய், 11 மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்ட் பாழானது. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் சந்தாவும் கட்டுவதில்லை. “இது பட்டறையா, சீட்டாட்ட மன்றமா?” என்று மூத்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இரவு ஒன்றரை மணிக்குக் கோப்பைகளைக் கழுவி, கதவைப் பூட்டிவிட்டு வருவது நான்தான். நான் ஒருநாளும் அங்கே ஆடியதில்லை. அடுத்த கூட்டத்தில் விளையாட்டையே நிறுத்தத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். செய்யலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வேண்டாம், சகோதரி. தீர்மானத்தைக் கொஞ்சம் மடித்து வையுங்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் விளையாட்டின் மேல் உங்களுக்கு ஒரு கோபம், ஒன்றரை மணிக் கோப்பைகளின் மேல் ஒரு கோபம். இரண்டாவதுதான் பெரியதாகத் தெரிகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். 3 முதல் 6 பேர் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆடி முடிக்க 4 மணி நேரமாவது ஆகும், 8 மணி நேரமும் ஆகலாம். ஆறு பேர் உட்கார்ந்த பிறகு ஏழாவதாக வருகிறவர் என்ன செய்வார்? நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார்? அந்த ஆறு பேர் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. பெட்டியைத் திறந்த கணத்திலேயே கதவைச் சாத்தியாகிவிட்டது. திறந்த மாலை என்று வெளியே அறிவித்துவிட்டு உள்ளே மூடிய ஆட்டம் ஆடுகிறீர்கள். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி இதுதான்.

நான் முதல்முதலாக இப்படி ஓர் இடத்துக்குப் போன மாலை நினைவுக்கு வருகிறது. எனக்கு யாரையும் தெரியாது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த பையை வலது தோளுக்கு மாற்றினேன், இடது தோளுக்கு மாற்றினேன். சுவரில் மாட்டியிருந்த ஸ்க்ரூடிரைவர்களை எண்ணினேன். பதினேழு இருந்தன. கிளம்பிவிடலாம் என்று திரும்பியபோது, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓர் இளைஞர் சீட்டுக்கட்டு ஒன்றை என் பக்கம் நீட்டி, “இதைக் கொஞ்சம் கலைத்துக் கொடுங்களேன்” என்றார். கலைத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு வசதியாக யாரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான், அன்று பத்து மணி வரை அங்கேயே இருந்தேன். வரவேற்புரை எதுவும் யாரும் ஆற்றவில்லை. கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

இதைத்தான் உங்கள் வெள்ளிக்கிழமைகளில் செய்யச் சொல்கிறேன். முதல் இரண்டு மணி நேரம் சின்ன ஆட்டங்கள் மட்டும். 2015இல் வந்த ‘கோட்நேம்ஸ்’ 15 நிமிடத்தில் முடியும். இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவதால் தாமதமாக வருகிறவர் ஏதாவது ஓர் அணிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். 2008இல் வந்த ‘பேண்டமிக்’ நால்வர் வரை ஒரே கட்சியாக நின்று நோய்ப் பரவலை எதிர்த்து ஆடும் ஆட்டம், முக்கால் மணி நேரம். தோற்றாலும் எல்லோரும் சேர்ந்தே தோற்பதால் புதியவருக்குக் கூச்சம் இல்லை. ஆனால் இந்த வகை ஆட்டங்களுக்கு ஒரு வியாதி உண்டு: விவரம் தெரிந்த ஒருவர் எல்லோருடைய முறையையும் தானே ஆடிவிடுவார். “நீங்கள் அங்கே போங்கள், நீங்கள் அந்தச் சீட்டைப் போடுங்கள்” என்று ஆரம்பித்தால் மற்ற மூவரும் காய் நகர்த்தும் கை மட்டும்தான். அப்படி ஒருவர் உங்களிடம் இருந்தால் (இருப்பார்) அந்த மேசையில் அவருக்கு விதிகளை விளக்கும் வேலையை மட்டும் கொடுங்கள், சீட்டு கொடுக்காதீர்கள்.

கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கொலைகாரர்களைப் பேசிப் பேசியே கண்டுபிடிக்கும் ‘மாஃபியா’ ஆட்டத்தை முதலில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 1986இல் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடோஃப் உருவாக்கியது, ‘வேர்வுல்ஃப்’ என்ற பெயரில் ஓநாய் வேடம் போட்டு உலகம் முழுவதும் சுற்றிவந்துவிட்டது. அருமையான ஆட்டம்தான். ஆனால் அதில் முதல் சுற்றிலேயே ஒருவர் ‘செத்து’ப்போய் ஓரமாக உட்கார வேண்டும். யாரும் அறியாத புது முகத்தைத்தான் கூட்டம் முதலில் சந்தேகிக்கும். வந்த முதல் நாளே சாகடிக்கப்பட்டவர் மறுவாரம் ஏன் வரப் போகிறார்? பழகிய பிறகு ஆடுங்கள்.

அந்த ஆறு பேர்? அவர்களுடைய பேரரசை யாரும் பறிக்க வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்கென்று ஒதுக்கி, காலை பத்து மணிக்கே தொடங்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது நிம்மதி. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு போர் தொடுப்பது யாருக்கும் இன்பம் அல்ல.

உங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி கல்லூரியில் மாதிரி ரயில் மன்றம் ஒன்று இருந்தது. ஹேக்கர் என்ற சொல்லே அந்த வட்டாரத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962இல் பிடிபி-1 என்ற கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆட்டத்தை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள், இரண்டு ஆட்டக்காரர்கள். கணினியின் முகப்பில் இருந்த ஸ்விட்சுகளைத் தட்டித் தட்டித்தான் ஆட வேண்டும். முழங்கை வலித்தது, ஒருவருக்குத் திரை சரியாகத் தெரியவும் இல்லை. ஆலன் கோட்டக், பாப் சாண்டர்ஸ் இருவரும் ரயில் மன்றத்தில் கிடந்த உதிரிகளைப் பொறுக்கி, கையில் வைத்து ஆடும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்துவிட்டார்கள். இன்று குழந்தைகள் பிடித்திருக்கும் கேம் கன்ட்ரோலருக்கு அது மூத்த அண்ணன். ஆட்டம் அங்கே பட்டறை வேலையைக் கெடுக்கவில்லை, ஒரு வேலையைப் பெற்றுக் கொடுத்தது. உங்கள் லேசர் கட்டர் வெள்ளிக்கிழமை மாலை சும்மாதானே நிற்கிறது? தொலைந்துபோன காய்களை, டோக்கன்களை, சீட்டு வைக்கும் தட்டுகளை ஆடுகிறவர்களே வெட்டிக்கொள்ளட்டும். இயந்திரத்தைத் தொடப் பயிற்சி வேண்டும் என்பார்கள் மூத்தவர்கள். நல்லது, பயிற்சியை அவர்களே கொடுக்கட்டும். இரு கட்சியும் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றாக வேண்டும் என்பதே என் உள்நோக்கம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மூத்தவர்கள் பக்கம் நிற்கிறேன். சால்டரிங் மேசையில் ஆட்டப் பலகையை விரிக்காதீர்கள். பழைய வகைச் சால்டர் கம்பியில் 100க்கு 40 பங்கு ஈயம். மேசையில் ஒட்டியிருக்கும் துகள் காய்களில் ஏறி, அங்கிருந்து விரலில் ஏறி, விரல் தின்பண்டத் தட்டுக்குப் போகும். விளையாட்டுக்கென்று ஒரு தனி மேசை. சால்டர் பிடித்தவர் கை கழுவிவிட்டு அதில் உட்காரட்டும்.

பாழான பிரிண்டுக்கு வருவோம். அதில் யாருடைய துரோகமும் இல்லை, வெறும் பெருக்கல் கணக்கு. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் தாங்கும் ஓர் இணைப்பு மொத்தம் 3,680 வாட் கொடுக்கும். விளையாட்டுக் கணினியும் திரையும் சேர்ந்து 400 வாட் என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 3,200. அதுவரை தாங்கியிருக்கும். பிறகு யாரோ ஒருவர் தண்ணீர் கொதிக்கவைக்க 2,000 வாட் கெட்டிலைச் செருகியிருப்பார். அவ்வளவுதான், பிரேக்கர் விழுந்திருக்கும். என் சந்தேகம் கெட்டிலின் மேல்தான், விசாரித்துப் பாருங்கள். எந்தப் பிளக் எந்த பிரேக்கரில் இருக்கிறது என்று மின்பணியாளரை அழைத்துப் பார்த்து, ஒவ்வொரு பிளக்கின் மேலும் எண் ஒட்டிவிடுங்கள். பிரிண்டர் இருக்கும் இணைப்பில் வேறு எதுவும் வேண்டாம்.

கணினி இரவுக்கு இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ரௌட்டர் கொண்டுவந்து செருகுவதை அனுமதிக்காதீர்கள். உங்கள் ரௌட்டரோடு அதுவும் போட்டியாகக் கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கத் தொடங்கும். பாதிப் பேருக்கு ஆட்டம் வரும், பாதிப் பேருக்கு வராது, காரணம் கண்டுபிடிப்பதற்குள் இரவு முடிந்துவிடும். ஆட்டங்களை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். 100 ஜிபி ஆட்டம் ஒன்றை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஒருவர் இறக்கவே இரண்டே கால் மணி நேரம் ஆகும், எட்டுப் பேர் என்றால் விடிந்துவிடும். ஒருவரிடம் இருந்தால் போதும், உள் நெட்வொர்க்கிலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை, கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளம் 2023இல் கொண்டுவந்துவிட்டது.

அடுத்து, அந்த “உங்களுக்குப் புரியுமா?” மனிதர். அவரைப் பொதுக்கூட்டத்தில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் மனிதர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் குறியாக இருப்பார். தனியாக அழைத்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: “அன்று நீங்கள் இப்படிக் கேட்டீர்கள். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. இனி புதிதாக யார் வந்தாலும் இப்படிக் கேட்காதீர்கள். விதியை விளக்குங்கள், புரிந்ததா இல்லையா என்று அவர்களே சொல்லுவார்கள்.” அவர் சிரித்து மழுப்பினால் நீங்களும் சேர்ந்து சிரிக்க வேண்டாம். இன்னொரு முறை நடந்தால், அந்த மாலையே வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். வராமல் நின்ற பெண்ணின் தொடர்பு இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். திரும்பி வாருங்கள் என்று கெஞ்ச வேண்டாம். அன்று நடந்தது தவறு, சம்பந்தப்பட்டவரிடம் பேசிவிட்டேன் என்று மட்டும் தெரிவியுங்கள். வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

சந்தா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். முதல் முறை வருகிறவரிடம் காசு கேட்டால் அது டிக்கெட் ஆகிவிடும். டிக்கெட் வாங்கியவர் பார்வையாளர், அவர் கோப்பையைக் கழுவ மாட்டார். மாத வாடகை எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கதவருகே பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஓர் உண்டியல் வையுங்கள். நான்காவது முறை வருகிறவரிடம் நேராகவே கேளுங்கள், உறுப்பினராகிறீர்களா என்று. நான்கு முறை வந்தவருக்கு அந்தக் கேள்வி கௌரவம்தான்.

கிழமையை மாற்றலாமா என்று கூட்டத்தில் பேச்சு வரும். வெள்ளியா, சனியா என்று ஒரு மணி நேரம் போகும். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஜெர்மன் நண்பர்கள் இருவர், இத்தகைய கூடங்களை நடத்துவது பற்றித் தங்கள் அனுபவத்தைத் தொகுத்துச் சொன்னார்கள். எந்தக் கிழமை வைத்தாலும் யாராவது ஒருவருக்கு ஒத்துவராது, ஆகவே செவ்வாய்க்கிழமை என்று வைத்துவிட்டு வாதத்தை முடியுங்கள் என்பது அதில் ஒன்று. நல்ல சோபாவும் இதமான வெளிச்சமும் வேண்டும் என்பது இன்னொன்று. அதையும் மூத்தவர்கள் காதில் போட்டுவையுங்கள். நீங்கள் வெள்ளியிலேயே இருங்கள்.

இப்போது கோப்பைகள். உங்களைப் போன்ற கூடங்களில், செய்பவரே முடிவெடுப்பவர் என்பது எழுதாத சட்டம். ஒவ்வொரு வெள்ளியும் பூட்டுவது நீங்கள் என்றால், எத்தனை மணிக்குப் பூட்டுவது என்று தீர்மானிப்பதும் நீங்கள்தான். அதற்குக் கூட்டமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். பதினொன்றரைக்கு விளக்கை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அது முன்னறிவிப்பு. பன்னிரண்டுக்குப் பூட்டு. குடித்த கோப்பையை அவரவர் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும். கழுவாத கோப்பையை அடுத்த வெள்ளி அதே இடத்தில், அதே கறையோடு, அவருடைய நாற்காலிக்கு முன்னால் வைத்துவிடுங்கள். சின்னத்தனமாகத் தோன்றலாம். பலன் தரும்.

நீங்கள் ஒருநாளும் ஆடியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு வருடமோ இரண்டு வருடமோ, அந்த அறையில் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களில் நீங்களும் ஒருவர். கையில் துடைப்பம் இருந்ததால் யார் கண்ணுக்கும் படவில்லை. இந்த வெள்ளி கணக்குப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு ஏழு மணிக்கே போங்கள். முதல் சின்ன ஆட்டத்தைப் பிரிக்கும்போது உட்கார்ந்துவிடுங்கள். விதி புரியாவிட்டால் புரியவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கும் புதியவருக்கும் அது உதவும்.

சாவிக்கு இன்னொரு நகல் எடுத்து அந்த ஆறு பேரில் ஒருவரிடம் கொடுங்கள். யாரிடம் என்று கேட்டால், கடைசியாக எழுந்திருக்கிறவரிடம். பன்னிரண்டு மணிக்குப் பூட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்த பிறகு எந்தப் பேரரசு எத்தனை மணிக்குக் கவிழ்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.