அமைச்சரே நீதியரசராகலாமா?

கேள்வி: பிரித்தானியாவில் அமைச்சர் ஒருவரே அதியுயர் மன்றில் நீதியரசராக அமர்ந்தது மெய்யா? (வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: மெய்தான். அமைச்சரவை உறுப்பினரான லோர்ட் சான்சலர், நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் கம்பளி அடைத்த சிவப்பு இருக்கையில் தலைமை வகித்ததோடு, அச்சபையே இறுதி மேன்முறையீட்டு மன்றாகவும் இருந்தமையால், வழக்குகளையும் விசாரிக்க முடிந்தது. 1971 வரை இலங்கையின் மேன்முறையீடுகள் சென்ற கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) என்ற பிரித்தானிய மன்றிலும் அவருக்கு அந்தத் தகுதி இருந்தது. அரசாங்கம் நேரடியாகத் தொடர்புபட்ட வழக்குகளில் அவர் விலகிநிற்க வேண்டுமென்ற மரபு எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமலே நிலைபெற்றது. ஆனால், அமர்வதா விலகுவதா என்பதை அவரே தீர்மானித்ததால், வழக்காளிக்கு அது போதிய காப்பன்று என்றே கருதுகிறேன். 2005ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் அவரது நீதிப் பணியை நீக்கியது. 2009 ஒக்டோபரில் தனியான உயர் நீதிமன்றம் இயங்கத் தொடங்கியது.