மைல் ஏறாத வண்டிக்கும் வயசு ஏறும்

கேள்வி: சார், 2017 மாடல் கார்வெட் கிராண்ட் ஸ்போர்ட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரே ஓனர், 4,100 மைல்தான் ஓடியிருக்கிறது, ரேஸ் டிராக்குக்கான டயரும் பிரேக்கும் அடங்கிய இசட்07 பேக்கேஜும் உண்டு. டயர்கூட கம்பெனி போட்டதுதானாம். குளிர்ந்த காலையில் ஓட்டிப் பார்த்தேன். பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரம் தத்தித் தத்தி நகர்கிறது. 'இந்த வண்டி அப்படித்தான்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?
- ஒரு வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: தத்தும் விஷயத்தில் அவர் சொல்வது நிஜம். முழு ஒடிப்பில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் அதனதன் வட்டத்தில் சரியாக உருளாமல் ஒன்றையொன்று இழுக்கும். டயர் அகலம், குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், அதனால் வழுக்கி வழுக்கித் துள்ளும். பழுது இல்லை.

எனக்கு உறுத்துவது 'கம்பெனி போட்ட டயர்' என்று அவர் பெருமையாகச் சொன்னதுதான். இசட்07-உடன் வருவது மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2. டிராக்குக்கென்றே செய்த, சாலையிலும் ஓட்டக்கூடிய டயர். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் கடைசி நாலு எண் 0817 என்றிருந்தால், 2017-இன் எட்டாவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருக்கலாம், ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும்.

நானே இதில் ஒருமுறை ஏமாந்தவன். மைல் குறைவு என்று மயங்கி ஒரு வண்டி வாங்கினேன். ஏப்ரல் மாதம், லேசான தூறல், ஃப்ரீவேயில் ஏறும் வளைவு. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் தெரியும், வந்த வழியையே பார்த்துக்கொண்டு புல்லில் நின்றேன். டயருக்கு வயது எட்டு!

இன்னொன்று, குளிர்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்தினார் என்று கேளுங்கள். இந்த வகை டயர் மைனஸ் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்திருக்கும்போது வண்டியை நகர்த்தினால் விரிசல் விடலாம். ஒஹாயோ ஜனவரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் நாலு டயரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். அகலம் முன்னால் 285 மில்லிமீட்டர், பின்னால் 335, மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது.

அப்புறம் பிரேக். புதிதில் இந்த பேக்கேஜுக்கு மட்டும் 7,995 டாலர். அதில் பெரும் சமாச்சாரம் கார்பன் செராமிக் டிஸ்க்தான். அது தேய்ந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. கடும் சூட்டில் உள்ளே கார்பன் எரிந்து எடை குறையும். அதனால்தான் குறைந்தபட்ச எடையை டிஸ்கிலேயே பொறித்திருப்பார்கள். மெக்கானிக் டிஸ்கைக் கழற்றித் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போது பதனமாக இருக்கச் சொல்லுங்கள், ரிம் இடித்தால் டிஸ்கின் ஓரம் பெயர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை உலாவலில் ஓடிய 4,100 மைலும் டிராக்கில் ஓடிய 4,100 மைலும் ஒன்றல்ல. பின்சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவுங்கள். உருகி ஒட்டிய ரப்பர் துணுக்கு விரலில் நெருடினால் வண்டி டிராக் பார்த்திருக்கிறது. அது குற்றமில்லை, என் ஆர்வலர் மனசுக்குச் சந்தோஷம்கூட. மறைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், அதை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

சரி, நீங்கள் மிட்-ஒஹாயோ டிராக்குக்குப் போகிறவரா? போனால், உங்கள் இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா என்று முதலில் படித்துப் பாருங்கள். ஆபீசுக்கும் வீட்டுக்கும்தான் என்றால், இசட்07 இல்லாத கிராண்ட் ஸ்போர்ட்டே போதும். அதிலும் அதே 460 குதிரைசக்தி எஞ்சின்தான். கப் 2 டயர் இல்லாததால் மழைக்கும் அவ்வளவு பயப்பட வேண்டாம்.

முன்பணம் கொடுக்கும் முன் அந்த நாலு எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு டயர் இல்லை, நாலையும்.