ஞாயிறு கணக்குல வராதா, தம்பி?

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு, பட்டர்வொர்த்ல வீடு, பிறைல ஃபேக்டரி வேலை. பதினஞ்சு வருஷமா நாலு நம்பர் லாட்டரி எடுக்குற பழக்கம். சாம்பல் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பல் வாங்கிட்டு, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற இந்தத் தவக்காலத்து 40 நாளும் நம்பர் கடை பக்கம் போக மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொன்னேன். பத்து நாள் தாங்குச்சு. அப்புறம் ஒரு ராத்திரி பைபிள்ல திருப்பாடல் 91 படிச்சப்ப 11, 12 வசனம் கண்ணுலயே நின்னுச்சு. 9111, 9112 ரெண்டையும் எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை தவக்கால கணக்குல வராதுன்னு கூட்டாளி சொன்னான், அதனால ஞாயிறு மட்டும்தான் எடுத்தேன். ஆனா மனசு கேக்கல. இந்த வருஷத் தவக்காலம் எனக்குப் போச்சா?

பதில்: போகல தம்பி. இன்னிக்கே மறுபடி ஆரம்பிக்கலாம், ஈஸ்டர் வர இன்னும் நாள் இருக்கு.

ஆனா நீங்க எடுத்த அந்த ரெண்டு வசனத்தப் பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. மத்தேயு 4ஆம் அதிகாரத்த எடுத்துப் பாருங்க, தவக்காலத்து முதல் ஞாயிறு வருஷா வருஷம் இந்தச் சோதனையத்தான் பூசையில வாசிக்கிறாங்க. பாலைவனத்துல நாப்பது நாள் பட்டினி கிடந்த இயேசுவ கோயில் உச்சியில நிறுத்தி, கீழ குதி, தூதர்கள் உன்ன கையில தாங்குவாங்கன்னு எழுதியிருக்கேன்னு சாத்தான் சொல்றான்ல, அவன் எடுத்துச் சொன்னது எதுன்னு நினைக்கிறீங்க? அதே திருப்பாடல் 91, அதே 11, 12. அதுக்கு மேல அவன் வாசிக்கல. ஏன்னா 13ஆம் வசனத்துல சிங்கத்தையும் பாம்பையும் மிதிச்சு நடப்பீங்கன்னு வருது, தன்னை மிதிக்கிற எடத்த அவனே வாசிப்பானா? நீங்களும் 12லயே நிறுத்திட்டீங்க தம்பி.

அந்த ஞாயிறு கணக்கும் இதே மாதிரி வெட்டி எடுத்ததுதான். சாம்பல் புதன்ல இருந்து புனித சனி வரைக்கும் 46 நாள், ஆறு ஞாயிற கழிச்சா 40, கூட்டாளி சொன்ன கணக்கு சரிதான். ஆனா கழிக்கிறதுக்குக் காரணம் ஞாயிறு உயிர்ப்பு நாள், அன்னிக்கு நோன்பு இருக்கிறதில்ல, அவ்வளவுதான். வழக்கமான குலுக்கலே புதன், சனி, ஞாயிறுதான், இதுல ஞாயிற வெளிய விட்டா நீங்க குடுத்த வார்த்தையில என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க.

இயேசு என்ன செஞ்சாருன்னு பாருங்க, வாக்குவாதம் பண்ணல, மூணு தடவையும் சுருக்கமா வசனத்தால பதில் சொன்னாரு, மூணுமே பைபிள்ல இணைச்சட்டம்ங்குற புத்தகத்துல உள்ளது, 8:3, 6:16, 6:13. நாப்பது வருஷம் பாலைவனத்துல அலைஞ்ச மக்களுக்கு மோசே சொன்ன வார்த்தைங்க அது. பசியில இருக்குற மனுசனுக்கு அந்த நேரத்துல புத்தகத்த புரட்டி தேடிட்டு இருக்க முடியாது, முன்னாடியே மனசுல பதிஞ்சு கிடக்கணும். உங்களுக்கு நான் 6:16 தான் சொல்வேன், உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம். கனவுல நம்பர் குடுங்க, பைபிள்ல நம்பர் காட்டுங்கன்னு கேக்குறதும் அவர சோதிக்கிறதுதானே. பத்தாயிரம் நம்பர்ல ஒரு குலுக்கலுக்கு அடிக்கிறது 23 தான், இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததில்ல, தெரிஞ்சும் கால் அங்கதான் போகுது. அதனாலதான் வெறும் கணக்கு பத்தாதுங்குறேன்.

எங்க அப்பாவும் எடுத்தாரு. ஆக்ஸிடெண்ட் ஆன காரப் பாத்தா அடிபட்டவங்கள பாக்குறதுக்கு முன்னாடி பிளேட் நம்பர எழுதிக்குவாரு. பூசையில பாட்டு நம்பர் போர்டையே பாத்துட்டு இருப்பாரு, பாட மாட்டாரு. நல்ல மனுசன், ஆனா அந்த நேரத்துல அவரு எங்க பக்கத்துல இல்லன்னு சின்ன வயசுலயே எனக்குப் புரிஞ்சுச்சு, அது இன்னும் வலிக்குது.

சோதனையோட தப்பிக்க வழியையும் கடவுள் தருவாருன்னு பவுல் எழுதுறாரு, 1 கொரிந்தியர் 10:13. அந்த வழி சில நேரம் நெசமாவே ஒரு ரோடுதான், வேலை முடிஞ்சு கடை இல்லாத ரோட்ல வீட்டுக்குப் போங்க, பத்து நிமிஷம் கூட ஆனாலும் பரவால்ல. குலுக்கல் நாள்ல பர்ஸ்ல பெட்ரோலுக்கு மேல காசு வைக்காதீங்க. சம்சாரத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க, பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னாடியே சொன்னாலும் நல்லதுதான். இது பதினஞ்சு வருஷப் பழக்கம், ஃபாதர்கிட்ட பேசுங்க, கை நிக்கலன்னா கவுன்சிலர்கிட்டயும் போங்க, அது விசுவாசக் குறைவுன்னு நினைச்சுடாதீங்க. வாராவாரம் நம்பருக்குப் போன காச தனியா எடுத்து வச்சு பெரிய வெள்ளிக்கு முன்னாடி ஏழைங்களுக்குக் குடுங்க, தவக்காலத்துல நோன்பும் தர்மமும் சேர்ந்துதான் வரும்.

இன்னொன்னு, சாத்தான் அன்னிக்கு முழுசா போயிடல, ஏற்ற காலம் வரைக்கும்தான் விலகிப் போனான்னு லூக்கா 4:13ல இருக்கு. அதனால மறுபடி ஆசை வந்துச்சுன்னா பயந்துடாதீங்க, வந்ததே தோல்வி ஆயிடாது. வர்ற புதன் சாயங்காலம் நேரா வீட்டுக்குப் போயி சம்சாரத்தயும் பிள்ளைங்களையும் உக்கார வச்சு திருப்பாடல் 91ஐ சத்தமா வாசிங்க, 12ல நிறுத்தாம கடைசி வரைக்கும்.